கிணற்றில் குமிழி வந்ததைப் பற்றி மச்சானுக்கு

என் பிரியத்துக்குரிய மச்சான்,

போன வெள்ளிக்கிழமை உங்களை அடக்கிய கபரருகே நின்று சொன்ன அதே ஸலாமை இந்தத் தாளிலும் முதலில் வைக்கிறேன். அன்று அதற்குமேல் வாய் எழவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதி, நீங்கள் கடையில் வாங்கிப்போடும் தமிழ்ப் பத்திரிகைக்கே அனுப்பப்போகிறேன். மட்டாஞ்சேரிக்கு இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தாலும், அதில் வரும் வாசகர் கடிதங்களைச் சாயா குடிக்க வருகிறவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவீர்களே. நான் பொய் சொன்னது நாலு பேர் முன்னால். உண்மையை மட்டும் உங்கள் காதோடு சொல்லிவிட்டுப் போனால் சரியாகுமா?

முதலில் நீங்கள் கேட்க விரும்பும் சேதி. ஐஸ் கம்பெனியில் நான் இறக்கிய குழாயை அடைத்துவிட்டோம். என் கையாலேயே சிமெண்டு கலக்கி அடைத்தேன். நம் கிணற்றில் குமிழி குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் எனக்கு அந்தக் கார்டு போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. பாலக்காட்டில் நிலையான வேலை இல்லாமல் மூன்று வருஷமாக அலைந்துகொண்டிருந்தேன். "இங்கே கடலோரம் முழுக்க இப்போது இறால்தான் பேச்சு. ஐஸில் வைத்துக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். நம் சந்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு ஐஸ் கம்பெனி வருகிறது. போர் போட ஆள் தேடுகிறார்கள். உடனே புறப்பட்டு வா" என்று எழுதியிருந்தீர்கள். நான் போர் போடத் தெரிந்தவன் என்று அந்த மானேஜரிடம் நீங்களே போய்ச் சொல்லிவைத்திருந்தீர்கள். உங்கள் வீட்டிலேயே தங்கினேன். நூர்ஜகான் அக்கா கையால் சாப்பிட்டேன். உங்கள் கிணற்றில்தான் குளித்தேன், குடித்தேன்.

அந்தக் கிணறு கடைக்கு மட்டுமா? சந்தில் ஏழு வீடுகளுக்கும் அதுதான். சுற்றிலும் காயலும் கடலும், எங்கே தோண்டினாலும் உப்பு. இந்த ஒன்றில் மட்டும் எப்படியோ நல்ல தண்ணீர். தெருமுனைக் குழாயில் ஆலுவா தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம் நூலாக ஒழுகும். அதற்கு வரிசை நிற்பதைவிட இது மேல் என்று எல்லோரும் இங்கே வருவார்கள். படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று சாயாக்கடைகளைத் தாண்டி உங்கள் கடைக்கு வந்ததும் இந்தத் தண்ணீருக்காகத்தான். நீங்களே சொல்வீர்கள், "என் கைப்பக்குவம் ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் கிணத்தோட புண்ணியம்" என்று.

அந்தக் கிணற்றிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி நிலத்தில் போர் போடும் முக்காலியை நட்டேன்.

முதல் நாட்களில் மணல், அப்புறம் சிப்பி கலந்த சேறு, அப்புறம் கறுப்புக் களிமண். அதற்கும் கீழே போனபோது குழாயோடு மக்கிப்போன மரத்துண்டுகள் வந்தன. எந்தக் காலத்துக் காடோ. கையில் எடுத்தால் ஈரமான புகையிலை மாதிரி உதிர்ந்தது. அதற்கு மறுநாள் காலை, குழாய் வாயில் சேற்றுத் தண்ணீர் தானாகவே கொதிக்கிற மாதிரி பொங்கியது. பிறகு உஸ்ஸென்று ஒரு சத்தம். என்னோடு வேலை செய்தவர்களில் ஒருவர் பீடி பற்றவைக்கக் குச்சி கிழித்தார். குழாயின் வாயைச் சுற்றி நீலமாக ஒரு தீ ஓடி நின்றது.

நாங்கள் சிரித்தோம், மச்சான். அதைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை. ஈரச்சாக்கைப் போட்டு அணைத்துவிட்டு, மறுபடியும் பற்றவைத்துப் பார்த்துச் சிரித்தோம். மானேஜர் ஓடிவந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இது வெளியே யாருக்கும் தெரியவேண்டாம். ஊர்க்காரர்கள் பயந்து தடுத்துவிடுவார்கள். இன்னும் கீழே இறக்கு, நல்ல தண்ணீர் கிடைக்கும். ஐஸ் இல்லாமல் சரக்கு அழுகுகிறது" என்றார்.

இறக்கினேன். தண்ணீரும் கிடைத்தது. ஆனால் குழாய்க்கும் அதைச் சுற்றியுள்ள மண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். களிமண்ணோ சிமெண்டோ போட்டு அதை மேலிருந்து கீழ்வரை இறுக்கி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் ஆழத்தில் இருக்கும் வாயுவும் உப்புத் தண்ணீரும் அந்த இடைவெளி வழியாகவே ஏறி மேலே வந்துவிடும். இந்தத் தொழிலில் நுழைந்தவனுக்கு முதலில் சொல்லித்தருவதே இதுதான். "நான்கு நாள் வேண்டும்" என்றேன். "நாளைக்கே மோட்டார் ஓடவேண்டும்" என்றார். மேலே இரண்டு அடி மட்டும் மண்ணைப் போட்டு மிதித்து மூடினேன். பார்வைக்கு ஒழுங்காக இருந்தது.

மோட்டார் ஓட ஆரம்பித்து மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். விடிந்ததும் போடும் முதல் சாயாவை நீங்கள்தான் குடிப்பீர்கள். அன்றைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு வாசலில் துப்பினீர்கள். இன்னொரு டம்ளர் போட்டு என்னிடம் நீட்டினீர்கள்.

"சுலைமானே, குடிச்சுப் பாரு."

குடித்தேன். நாக்கில் லேசான உப்பு. அதற்குப் பின்னால் சேற்று வாடை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"தேயிலைய மாத்துனீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

நீங்கள் என்னை ஒரு நொடி பார்த்தீர்கள். நேராகக் கிணற்றடிக்குப் போனீர்கள். நானும் பின்னால் வந்தேன். கல்லில் சாய்ந்து உள்ளே பார்த்தோம். அசையாமல் கிடக்கும் தண்ணீரின் ஓர் ஓரத்தில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்துகொண்டிருந்தன. மீன் மூச்சு விடுகிற மாதிரி. கிணற்றில் மீன் எது?

"கீழ என்னடா இருந்துச்சு? நீதானே தோண்டினே. சொல்லு."

"வெறும் தண்ணிதான் மச்சான்."

அதுதான் முதல் பொய். அது உங்களிடம் மட்டும் சொன்னது.

அன்றே சமோவரை அணைத்தீர்கள். "இந்தத் தண்ணியில இனி சாயா கிடையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். சிலர் சிரித்தார்கள். "காதர்க்கா, பால் ஊற்றினால் யாருக்குத் தெரியும்?" என்று படகுத்துறை ஆள் ஒருவர் கேட்டார். "எனக்குத் தெரியுமே" என்றீர்கள். இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் குழாயில் பெண்களோடு வரிசையில் நின்றீர்கள். கிடைத்த தண்ணீருக்கு மட்டும் சாயா. அது தீர்ந்தால் கடை மூடல். பாதி நாள் பத்து மணிக்கே பலகை வைத்துவிடுவீர்கள்.

எதிர்வீட்டுத் தங்கம்மா சேச்சியின் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது அந்த மாதத்தில்தான். சேச்சி குடத்தோடு உங்கள் கடை வாசலில் வந்து நின்றார். "காதர்க்கா, ஈ வெள்ளம் கொள்ளூலா. குஞ்ஞினு வயறு சரியாவுந்நில்லா" என்று, தண்ணீர் சரியில்லை, குழந்தைக்கு வயிறு தேறவில்லை என அழுதார். அது இந்தத் தண்ணீரால் வந்ததா, வேறு எதனாலாவதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் சேச்சி அழுதபோது நான் கடையின் உள்ளே உட்கார்ந்து புட்டு தின்றுகொண்டிருந்தேன். எழுந்து வெளியே வரவில்லை.

நீங்கள் படகேறி எர்ணாகுளத்துக்குப் போனீர்கள். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை. கையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர். எந்த ஆபீஸில் எந்த மேஜைக்குப் போகவேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மலையாளத்தில் மனு எழுத உங்கள் மகள் ரம்லாவை உட்காரவைத்தீர்கள். கடைசியில் ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார்.

ஐஸ் கம்பெனி முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மானேஜர் ஒருபக்கம். நீங்கள், தங்கம்மா சேச்சி, சந்துக்காரர்கள் பத்துப்பேர் இன்னொரு பக்கம். அதற்கு முந்தின நாள்தான் மானேஜர் என்னிடம் சொல்லியிருந்தார், களமசேரியில் ஒரு பெரிய ஃபேக்டரிக்கு நாலு போர் போடவேண்டும், அந்த வேலை எனக்குத்தான் என்று. "நாளைக்கு மட்டும் பார்த்துப் பேசு" என்றும் சொன்னார்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நீங்கள் நிம்மதியாக நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன். என் மைத்துனன், தோண்டியவன், அவன் சொல்வான் என்று.

"தோண்டும்போது வாயு ஏதாவது வந்ததா?"

"இல்ல சார்."

"குழாயைச் சுற்றி ஒழுங்காக அடைத்தாயா?"

"அடைச்சேன் சார்."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியெல்லாம் நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். ஓர் அடி விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அக்கா கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும் வைத்திருந்தார். "உக்காரு, ஆறிப் போவுது" என்றீர்கள். என் தட்டில் மீன் குறைவாக இருக்கிறது என்று உங்கள் பங்கிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தீர்கள். அதற்கப்புறம் கிணற்றைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் மச்சான்? என்னைக் காப்பாற்றவா, இல்லை, இவனிடம் கேட்டு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்றா? இதைத்தான் ஒரு வருஷமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் களமசேரிக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சைக்கிளில் ஆள் வந்து சொன்னார். கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்களாம். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் பஸ்ஸும் படகும் மாறி வந்து சேர்ந்தபோது உங்களைக் கிடத்தியிருந்தார்கள்.

குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டுமே என்று பள்ளிவாசல் ஆள் கேட்டார். எல்லோரும் கிணற்றடிப் பக்கம் திரும்பினார்கள். அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அந்தத் தண்ணி வேண்டாம். அவரு வாயில வைக்காத தண்ணிய அவரு மேல ஊத்தாதீங்க."

கொஞ்ச நேரத்தில் தங்கம்மா சேச்சி தன் வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அன்றைக்கு மகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் என்று குழாயில் பிடித்துவைத்த தண்ணீர். அவரைப் பார்த்து அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. செம்பு, வாளி, ஈயப்பானை, எது இருந்ததோ அதில். சந்தின் ஏழு வீட்டிலிருந்தும் அன்றாடக் குடிநீர் வந்து உங்கள் வாசலில் வரிசையாக இருந்தது.

என்னிடம் கொண்டுவர ஒரு டம்ளர் இல்லை. சேச்சியின் குடத்தை நான்தான் தூக்கி உங்கள் தோளில் ஊற்றினேன். வேகமாகச் சாய்த்துவிட்டதால் பாதி தரையில் போயிற்று. "மெதுவா, தண்ணி வீணாவுது" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அந்த வார்த்தையோடுதான் நான் அன்றைக்குப் புறப்பட்டு, இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீ எரிந்தது, சிரித்தது, அடைக்காமல் விட்டது, கையெழுத்து. அக்கா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியும்டா" என்றார். "விசாரணை நடந்த அன்னிக்கே என்கிட்ட சொன்னாரு, அவன் பொய் சொல்றான், அவனே வந்து சொல்லட்டும்னு."

"அப்ப ஏன் அக்கா யாரும் என்னைக் கேக்கல?"

"இப்ப என்ன செய்யப் போறே? அத மட்டும் சொல்லு."

இத்தா என்னும் துக்கக் காலம் முடியும்வரை அக்கா வெளியே வர முடியாது. அதனால் ரம்லாதான் என்னோடு வந்தாள். அதே ஆபீஸ். அதே அதிகாரி. "அன்றைக்கு இல்லை என்றாய், இன்றைக்கு ஆமாம் என்கிறாய். எதை நம்ப?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் கோபப்படவில்லை, களைத்துப் போனவர் மாதிரி கேட்டார். "என்னை நம்பவேண்டாம் சார். கிணற்றை வந்து பாருங்கள்" என்றேன். அதை மலையாளத்தில் ரம்லா சொன்னாள். கூடவே வேகமாக இன்னொன்றும் சேர்த்தாள். என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு தேதி எழுதித் தந்தார்.

வந்தார், மச்சான். தண்ணீர் பரிசோதிக்கும் ஒருவரையும் கூட்டிவந்தார். "சார், உங்க பாட்டிலையே தாங்க. என் சாமான் எதுவும் வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டேன். இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன். கயிற்றைத் தங்கம்மா சேச்சியும் படகுத்துறை ஆட்கள் இரண்டு பேரும் பிடித்தார்கள். பாட்டிலைத் தண்ணீரில் நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே தலைகீழாகக் கவிழ்த்து, வாயில் ஒரு புனலை வைத்துக் குமிழி வரும் இடத்தில் பிடித்தேன். குமிழி ஏற ஏற உள்ளேயிருந்த தண்ணீர் இறங்கியது. முழுக்க இறங்கியதும் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மேலே வந்தேன். கிணற்றிலிருந்து எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். குச்சியைக் கிழித்து விரலை எடுத்தேன்.

பட்டென்று ஒரு சத்தம். பாட்டில் வாயில் நீலத் தீ எழுந்து, நாலு மூச்சு நேரம் நின்று அணைந்தது. சேச்சி வாயைப் பொத்திக்கொண்டார். பலகைக் கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தது எனக்குத் தெரியும்.

பரிசோதனைக்காரரிடம் நான் கேட்டேன். "சார், இந்த வாயு குடிக்கிற ஆளைக் கொல்லுமா?"

"அதைக் குடித்துச் சாகமாட்டார்கள். ஆனால் அது ஏறிவந்த வழியில் உப்பும் வந்திருக்கிறது. சுற்றியிருக்கும் கக்கூஸ் அழுக்கும் வரலாம். மூடிய இடத்தில் வாயு சேர்ந்தால் வெடிக்கவும் செய்யும். பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்."

"அதுவரைக்கும் குடிக்கலாமா சார்?"

அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். "நானாக இருந்தால் குடிக்கமாட்டேன்" என்றார்.

நீங்கள் நாக்கில் வைத்ததுமே சொன்னதை, அவர் சொல்ல இத்தனை மாதமாயிற்று.

அப்புறம் நடந்தது வேகமாக நடக்கவில்லை. கம்பெனி மறுத்தது. களமசேரி வேலையிலிருந்து என்னை நிறுத்தவைத்தார்கள். நான் போட்ட பழைய கையெழுத்தையே காட்டி என்னைப் பொய்யன் என்றார்கள். பொய்யன்தானே நான். மனுவுக்கு மேல் மனு. ரம்லா எழுதினாள், சந்தில் எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். மழைக்காலம் முழுதும் போய், போன மாதம்தான் உத்தரவு வந்தது. அடைக்க ஆள் யார் என்று தேடினார்கள். நானே செய்கிறேன் என்று போய் நின்றேன். மானேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தத் தடவை நாலு நாள் எடுத்துக்கொண்டேன். அடியிலிருந்து மேல்வரை.

கடையை அக்கா திறந்துவிட்டார். நம் சந்துக்கென்று புதுக் குழாய் ஒன்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் சாயா. பழைய ருசி இல்லை என்று படகுத்துறை ஆட்கள் குறை சொல்லிக்கொண்டே குடிக்கிறார்கள். சேச்சியின் மகள் தேறிவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள். கிணற்றின் மேல் கம்பிவலை போட்டிருக்கிறோம், வாயு வெளியேறட்டும் என்று. மாதாமாதம் ஒரு பாட்டில் பரிசோதனைக்குப் போகிறது. இன்னும் குடிக்கத் தகாது என்றே வருகிறது. எப்போது திரும்பும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. திரும்பாமலே போகலாம் என்றும் ஒருவர் சொன்னார். ஒரு மாதத்தில் கெடுத்ததை எத்தனை வருஷம் காத்திருந்தால் மண் சரிசெய்யும்? எனக்குத் தெரியவில்லை மச்சான். நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் காத்திருக்க உங்களோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்று அக்கா சொல்கிறார். அது அவருடைய நல்ல மனசு. உங்கள் வாயால் நான் கேட்கவில்லை, இனி கேட்கவும் முடியாது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ஆலுவாவுக்கு அருகில் கூரை ஓடு செய்யும் ஒரு கம்பெனியில் போர் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் போகிறேன். அந்த இடத்தைச் சுற்றி நாலு வீட்டுக் கிணறுகள் இருக்கின்றன என்று கேட்டு வைத்திருக்கிறேன். முக்காலி நடுவதற்கு முன்னால் அந்த நாலு வாசலிலும் போய் நின்று, என்ன தோண்டுகிறேன், எதனால் தண்ணீர் கெடலாம், கெட்டால் எப்படித் தெரியும் என்று சொல்வேன். கீழேயிருந்து எது வந்தாலும் முதலாளிக்கு முன்பாக அவர்களிடம் சொல்வேன். வேலை போனால் போகட்டும். என் கை குழாய் பிடிக்கும் நாள்வரை இது நடக்கும்.

நூர்ஜகானின் தம்பி,
ரம்லாவின் மாமன்,
நீங்கள் உங்கள் தட்டிலிருந்து மீன் எடுத்து வைத்த
உங்கள் மைத்துனன்
சுலைமான்